மலையிறக்கமும் மோட்டார் வண்டியின் தடை வட்டும்

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இம்மேடையில் எமக்கு முன் பேசியோர் இலக்கியம் பற்றியும் சமயம் பற்றியும் செவிக்கினிய முறையிற் பேசிச் சென்றனர். நாம் பேச எடுத்துக்கொண்டதோ துருவும் எண்ணெய்க் கறையும் படிந்த ஓர் இரும்புத் துண்டு. பல்கலைக்கழகம் போய் இதைத்தானா கற்று வந்தீர் என்று கேட்க நினைப்போர் சற்றுப் பொறுத்தருள வேண்டும். இதனை நாம் கற்றது பல்கலைக்கழகத்திலன்று. இறம்பொடை வளைவொன்றில், வீதியோரக் கானில், பனி மூட்டத்தின் நடுவே கற்றோம்.

சென்ற ஆண்டு ஆயுத பூசை நாளை நினைத்துப் பாருங்கள். கோவில் முற்றத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. லொறி, வான், முச்சக்கர வண்டி, எமது தமையனாரின் பழைய ஜீப் எல்லாவற்றிற்கும் சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை சூட்டி, நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்தோம். வண்டி முன்னே நகரப் பழம் நசுங்கியது; எல்லோரும் மகிழ்ந்தோம். அந்தச் சக்கரத்தின் உள்ளே, கம்பிகளின் இடுக்கில், ஓர் இரும்பு வட்டு இருக்கின்றதே, அதை நாம் ஒருவரேனும் குனிந்து பார்த்தோமா? பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இன்று இப்பேச்சுக்கு இடமிருந்திராது.

மூன்று வாரம் கழித்துக் கம்பளையில் உறவினர் வீட்டுத் திருமணம். அன்னையார், பெரியம்மா, தங்கை, சிறுவர் மூவர், நாம், ஓட்டுபவராகத் தமையனார் என எண்மர் அந்த ஜீப்பில் ஏறினோம். இவ்வண்டியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். யப்பானிலிருந்து 1990 களில் வந்த வண்டி அது. தமையனார் கடனுக்கு வாங்கினார். குடும்பத்து வண்டி என்று பெயரேயொழிய எங்கள் லயம் முழுவதற்கும் அதுவே வண்டி. நள்ளிரவில் பிரசவ வேதனை கண்டவரை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வதும் அதுவே. பரீட்சைக்குப் பிந்திய பிள்ளையை இறக்கி விடுவதும் அதுவே. மரண வீட்டுக்குப் பந்தற் சாமான் ஏற்றுவதும் அதுவே. ஆகவே அதன் பிரேக் எங்கள் வீட்டுச் சொந்த விவகாரம் மட்டுமன்று.

நுவரெலியாவைத் தாண்டி, கணவாயைக் கடந்து, லபுக்கலை தேயிலை மலைகளினூடே இறங்கிக்கொண்டிருந்தோம். தமையனார் உயர்ந்த கியரிலேயே விட்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்து வந்தார். சிறிது நேரத்தில் அன்னையார், “என்னடா இது, றப்பர் கருகுற மாதிரி வாடை அடிக்குது?” என்றார். “முன்னால லொறி போயிருக்கும்மா” என்றார் தமையனார். அடுத்த வளைவில் அவர் கால் தரைமட்டும் போயிற்று. மிதி கடினமாக எதிர்க்கவேண்டிய இடத்தில் பஞ்சுபோல் அமிழ்ந்தது. “பிரேக் இல்ல” என்று எமக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாகச் சொன்னார். பின்னாலிருந்த சிறுவர் பாட்டை நிறுத்தவில்லை.

அவர் செய்தவற்றை முறையே சொல்லுகின்றோம். யாருக்கேனும் ஒரு நாள் உதவும். மிதியை விட்டு விட்டு வேகமாகப் பலமுறை மிதித்தார், கொஞ்சம் பிடித்தது. இரண்டாம் கியர், பின்னர் முதலாம் கியர் என மாற்றினார், எஞ்சின் அலறிற்று. கைப்பிரேக்கைச் சட்டென்று இழுக்காமல் சிறிது சிறிதாக இழுத்தார். எஞ்சினை நிறுத்தவில்லை, நிறுத்தியிருந்தால் பிரேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிடப் பலமும் போயிருக்கும். கடைசியில் பள்ளத்துப் பக்கத்தை விட்டு மேட்டுப் பக்கத்துக் கானுக்குள் இரு சக்கரங்களை இறக்கி, மண் சுவரோடு உராய விட்டார். வண்டி நின்றது. பெரியம்மா மட்டும் “முருகா” என்றார். மற்றவர் பேசவில்லை.

முன் சக்கரங்களிலிருந்து புகை எழுந்தது. அருகே ஓர் ஓடை. நாம் போத்தலில் தண்ணீர் கொண்டு ஓடினோம். அவ்வேளை மரக்கறி ஏற்றிக் கொழும்புக்குச் சென்ற லொறியொன்று நின்றது. அதன் ஓட்டுநர் இறங்கி வந்து எம் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தண்ணி ஊத்தாதீங்க தம்பி. சூட்டு இரும்பு வெடிச்சிரும். அரை மணி நேரம் சும்மா விடுங்க.”

அரை மணி நேரம் சென்றபின் தமையனார் மிதித்துப் பார்த்தார். மிதி முன்போலவே கல்லாக நின்றது. “சரியாப் போச்சு” என்று முகம் மலர்ந்தார். லொறிக்காரர் சிரித்தார். “சரியாகல தம்பி. ஆறியிருக்கு, அவ்வளவுதான்.”

இந்த ஒரு வாக்கியத்தை விளக்கவே இன்று நாம் வந்தோம். மீதி வழியை இரண்டாம் கியரில் ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்து பந்தியும் பாதி ஆகியிருந்தது.

அன்பர்களே, பிரேக் என்பது வண்டியை நிறுத்தும் கருவி என்று நினைக்கின்றோம். சமதரையில் அது ஒருவாறு பொருந்தும். மலையிறக்கத்தில் பிரேக் என்பது ஓர் அடுப்பு. மிசன் பாடசாலையில் பௌதிகம் கற்றபோது அழுத்த சக்தி என்றொரு கணக்குப் போட்டோம்: திணிவு, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்குக என்பார் ஆசிரியர். அப்பொழுது பெருக்கினோம், புரியவில்லை. அன்றிரவு திருமண வீட்டு வாழையிலையின் பின்புறத்தில் மீண்டும் பெருக்கினோம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உளது. கம்பளைக்கு இறங்கும்போது ஏறக்குறைய 1,400 மீற்றர் கீழே வருகின்றோம். வண்டியும் ஆட்களும் சேர்த்து 2,000 கிலோகிராம் என்று கொள்க. விடை 2 கோடியே 74 இலட்சம் யூல். இந்தச் சக்தியைக் கொண்டு குளிர்ந்த தண்ணீர் 80 லீற்றரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம். கொல்லைப்புறத்தில் கலியாண அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. அத்தனை விறகின் வேலையையும் எங்கள் ஜீப் இறங்கி வந்தே செய்துவிட்டது!

இவ்வெப்பம் முழுவதும் பிரேக்குக்குப் போவதில்லை. காற்றும் டயரும் ஒரு பங்கை ஏற்கின்றன. கியரைக் குறைத்தால் எஞ்சின் பெரும் பங்கை ஏற்கும். ஆயினும் மூன்றிலொரு பங்கு மட்டும் முன் வட்டுகள் இரண்டுக்கும் போயிற்று என்று வையுங்கள். வட்டு ஒன்று 8 கிலோகிராம், வார்ப்பிரும்பு. காற்று அதனை ஆற்றாதிருந்தால் வெப்பநிலை 1,200 பாகை ஏறும். வார்ப்பிரும்பு உருகும் சூடு அது. உருகாமல் இருப்பது காற்றின் தயவு. வளைவுக்கு வளைவு மெதுவாக ஊர்ந்து போகும்போது அக்காற்றும் குறைந்துவிடுகின்றது.

முன்னோர் இவ்விறக்கங்களின் குணத்தை அறிந்திருந்தனர். புகையிரதப் பாதை 1884 இல் அட்டனுக்கும் 1885 இல் நானுஓயாவுக்கும் வந்தது. அதை அமைத்தோர் 44 அடிக்கு ஓர் அடிக்கு மேல் ஏற்றம் கூடாதென்று மலையைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுவந்தனர். மோட்டார் வீதிகளுக்கு அத்துணைப் பொறுமை இல்லை. நானுஓயாவிலிருந்து ரதல்லைக்கு இறங்கும் குறுக்கு வழியை நம்முள் பலர் அறிவர். 2023 ஆம் ஆண்டு சனவரி 20 ஆந் திகதி மாலை, கொழும்பிலிருந்து சுற்றுலா வந்த பாடசாலை மாணவரை ஏற்றிய பஸ் ஒன்று அவ்விறக்கத்தில் ஒரு வானுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதியது, எழுவர் மாண்டனர். அதன்பின் பெரிய வாகனங்கள் அவ்வழியே செல்லலாகாதென்று தடை வந்தது. 2025 செப்தெம்பர் 4 ஆந் திகதி இரவு எல்லையிலிருந்து வெல்லவாயாவுக்கு இறங்கும் வீதியில் ஒரு பஸ் பள்ளத்தில் வீழ்ந்து பதினைவர் மாண்டனர். ஒவ்வொரு விபத்துக்கும் காரணம் வெவ்வேறாகும். அதை நாம் இங்கு தீர்ப்பதற்கில்லை. இறக்கங்கள் மட்டும் நம்முடையவை. நாள்தோறும் நாம் இறங்குபவை.

இனி வட்டுக்கு வருவோம். சக்கரத்தோடு சுழலும் இரும்பு வட்டு ஒன்று. அதனை இருபுறமும் கவ்வும் இடுக்கி ஒன்று. இடுக்கிக்குள் இரண்டு தேய்கட்டைகள். கராஜில் முறையே டிஸ்க், கலிப்பர், பேட் என்பர். மிதியை மிதித்தால் குழாயிலுள்ள திரவம் இடுக்கியை அழுத்தும். கட்டைகள் வட்டைக் கவ்வும். இதன் பழைய உருவத்துக்கு இங்கிலாந்தில் லாஞ்செசுத்தர் என்பார் 1902 இல் உரிமம் பெற்றார். அது பெயர் பெற்றதோ 1953 இலேதான். பிரான்சு தேசத்து லெ மான் என்னும் 24 மணி நேரப் பந்தயத்தில் வட்டுப் பிரேக் பூட்டிய ஜகுவார் கார் முதலாவதாக வந்தது. பழைய பீப்பாய்ப் பிரேக்கினுள் சூடு அடைபட்டுக் கிடக்கும். வட்டோ காற்றில் நின்று சுழலும். வட்டின் சிறப்பே அது திறந்திருப்பதுதான். அதற்காக நாம் கொடுக்கும் விலை, மழையும் பனியும் அதில் நேரே படுவது. நுவரெலியாவில் இரண்டு நாள் வண்டியை நிறுத்தி வைத்தால் வட்டு செம்பட்டையாகி நிற்கும். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். நாலு தடவை மிதித்தால் மேற்றுரு போய்விடும். அஞ்சவேண்டிய துரு வேறோர் இடத்தில் உண்டு, பின்னர் சொல்லுவோம்.

திருமணம் முடிந்து திரும்பியபின் வீட்டில் ஒரு வழக்கு நடந்தது. வண்டியைக் கழற்றிப் பார்க்கவேண்டும் என்றோம். தந்தையார், “வண்டி நிக்குதுதானே? நிக்கிற வண்டிக்கு எதுக்குச் செலவு?” என்றார். அவர் சொல்லிலும் நியாயம் உண்டு. மூன்று மாதத்திற்கு முன்னர்தான் ஒரு கராஜில் புதிய பேட் போட்டிருந்தோம். அந்த இரசீதையும் எடுத்துக் காட்டினார். பெயர் எதற்கு, அவர்களும் பிழைக்கவேண்டியவர்களே.

இறுதியில் அட்டனில் ஒரு முதிய மெக்கானிக்கிடம் கொண்டு போனோம். ஊரார் அவரைப் பாஸ் என்றே அழைப்பர். அவர் சக்கரத்தைக் கழற்றியதும் முதலில் வட்டின் ஓரத்தை விரலாற் தடவினார். பின்னர் எம் விரலைப் பிடித்து அங்கே வைத்தார். ஓரத்தில் ஒரு வரம்பு. கட்டை படாத விளிம்பு தேயாமல் மேடாக நிற்க, கட்டை படும் பகுதி உள்வாங்கியிருந்தது.

தமையனார் தம் வேணியர் இடுக்கியால் ஏற்கெனவே அளந்திருந்தார். 23.4 மில்லிமீற்றர் என்றார். பாஸ் தலையை ஆட்டி, சட்டைப் பையிலிருந்து ஒரே அளவான இரண்டு நாணயங்களை எடுத்தார். வட்டின் தேய்ந்த பகுதியில் இருபுறமும் நாணயத்தை வைத்து, நாணயங்களின் மேல் இடுக்கியை வைத்து அளந்து, நாணயத் தடிப்பைக் கழித்தார். 21.1. தமையனார் அளந்தது தேயாத விளிம்பை! பல்கலைக்கழகத்தில் நுண்மானியைக் கொண்டு நூறு அளவீடு எடுத்த நாமும் இந்த நாணய வித்தையை அறியோம்.

புதிய வட்டின் தடிப்பு 24 மில்லிமீற்றர். இதற்குக் கீழே பாவிக்கலாகாது என்னும் எல்லை 22. அவ்வெல்லையை வட்டு வார்த்தவர்களே அதன்மேற் பொறித்திருக்கின்றனர். துருவைச் சுரண்டினால் தெரியும். எங்கள் வட்டில் அது தெளிவாகவே இருந்தது. முன்னைய கராஜில் நடந்தது என்னவென்றால், மிதி அதிர்கின்றது என்று நாம் சொன்னதற்கு வட்டை லேத்தில் இட்டுச் சீவி, எல்லைக்குக் கீழே கொண்டுபோய், அதன்மேல் புதிய பேட்டைப் பூட்டிவிட்டனர். பேட் புதிது என்பதால் நாமும் நிம்மதியாக இருந்தோம்.

“மூன்று மில்லிமீற்றர் குறைந்தால் என்ன? 24 இல் 3 தானே” என்று தமையனார் கேட்டார். நாமும் அதையே கேட்க இருந்தோம். பாஸ் வட்டை நிமிர்த்தி விளிம்பைக் காட்டினார். முன் வட்டு முழு இரும்பன்று. இரண்டு தகடுகளுக்கிடையே காற்றுப் போக வெற்றிடம் உண்டு. எங்கள் வட்டில் அவ்வெற்றிடமே 10 மில்லிமீற்றர். ஆகவே இரும்பு இருபுறமும் சேர்த்து 14 மில்லிமீற்றர்தான். அதில் 2.9 போயிற்று. ஐந்திலொரு பங்கு! அடுப்பு அதே அடுப்பு. பாத்திரம் ஐந்திலொரு பங்கு சிறிதாயிற்று. விரைவில் சூடேறும், வெடிப்புக் காணும், கட்டையை நெருங்க இடுக்கியின் முசலமும் அளவுக்கு மீறி வெளியே வரவேண்டியதாகும்.

ஆனால் மிதி தரைமட்டும் போனதற்கு வட்டு மட்டும் காரணமன்று. சூடான வட்டிலிருந்து கட்டைக்கும், கட்டையிலிருந்து இடுக்கிக்கும், இடுக்கியிலிருந்து திரவத்துக்கும் வெப்பம் போயிற்று. அத்திரவத்தை நம் ஊரில் எல்லோரும் பிரேக் ஒயில் என்கின்றோம். அது எண்ணெயே அன்று. எண்ணெய் தண்ணீரை விலக்கும். இதுவோ காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். எங்கள் மலைநாட்டிலே காற்றில் ஈரத்துக்கு என்ன குறை! வண்டிகளில் வழக்கமாக ஊற்றும் இருவகைத் திரவங்களில் டொட் 3 என்பது புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகையிலும், டொட் 4 என்பது 230 பாகையிலும் கொதிக்கவேண்டும் என்பது விதி. நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு ஈரம் ஏறியபின் அவை 140, 155 என இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். நாம் மிதிப்பதெல்லாம் குமிழியை அமுக்குவதிலேயே தீர்ந்துவிடும். கட்டை வட்டைத் தொடாது. ஆறியபின் ஆவி மீண்டும் திரவமாகும். மிதி கல்லாக நிற்கும். லொறிக்காரர் சொன்னது இதுதான். அவர் பௌதிகம் படித்தவரல்லர்.

தமையனார் அவ்வண்டியை 2019 இல் வாங்கினார். திரவத்தை ஒருமுறையேனும் மாற்றியதில்லை. குறைந்தால் ஊற்றுவதோடு சரி. பாஸ் கழற்றி வடித்தபோது அது பழைய தேயிலைச் சாயம்போல வந்தது. இரண்டாண்டுக்கு ஒருமுறை முழுவதையும் மாற்றுதல் வேண்டும். விலை அதிகமில்லாத வேலை இது ஒன்றே. நாம் செய்யாமல் விடும் வேலையும் இதுவே.

புதிய வட்டு பூட்டிய முறையைச் சற்று விரிவாகவே சொல்லுகின்றோம். இளைஞர் பலர் சொந்தக் கையால் வேலை செய்ய விரும்புவதை அறிவோம். முதலாவது, மலைநாட்டில் சமதரை தேடவேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கடியில் கை வைத்தலாகாது. பின் சக்கரத்துக்குக் கல்லுப் போட்டு, முன்புறத்தை உறுதியான தாங்கியில் இருத்திய பின்னரே வேலை. சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சிறிது தளர்த்திக்கொள்க. இடுக்கியைக் கழற்றினால் அதை றப்பர்க் குழாயிலே தொங்கவிடக்கூடாது; பாஸ் ஒரு கம்பியால் சுருளோடு கட்டி வைத்தார். வட்டு துருவால் ஒட்டிக்கொண்டிருந்தது. நாம் சுத்தியலை எடுத்தோம். அவர் வட்டின் முகத்திலுள்ள இரண்டு மரைத் துளைகளைக் காட்டி, அவற்றில் ஆணிகளை மாறி மாறி முடுக்கினார். வட்டு தானாக வெளியே வந்தது. அத்துளைகள் எதற்கென்று பதினைந்து வயதிலிருந்து நாம் யோசித்ததுண்டு.

இப்பொழுது அந்த மற்றத் துருவைச் சொல்லுவோம். வட்டு போய் அமரும் குடத்தின் முகத்தில் செதில் செதிலாகத் துரு. அதைக் கம்பித் தூரிகையால் தேய்க்கத் தேய்க்கப் பாஸ் பேசிக்கொண்டே இருந்தார். “டிஸ்க் வளைஞ்சு போச்சுன்னு எல்லாரும் சொல்லுவாங்க தம்பி. வளையிறது அபூர்வம். இந்தத் துரு மேல உக்காந்துதான் டிஸ்க் கோணிக்கிட்டுச் சுத்துது.” கோணல் 0.05 மில்லிமீற்றருக்கு மேற் போனாலே தொல்லை. அது தலைமயிரின் பருமனிலும் குறைவு. கோணிச் சுற்றும் வட்டு நாளடைவில் ஓரிடம் தடித்து ஓரிடம் மெலிந்து தேயும். அப்பொழுது மிதி காலடியில் துடிக்கும். எங்கள் மிதி துடித்தது இதனாலேதான். துருவைத் தேய்க்கவேண்டிய இடத்தில் வட்டைச் சீவினார்கள்! பழைய நோய்க்கு வேறோர் உறுப்பை அறுத்தாற்போல.

புதிய வட்டில் துருப்பிடியாதிருக்க எண்ணெய் பூசி விற்பார்கள். அதைக் கழுவாமற் பூட்டினால் புதிய பேட்டும் கெடும். பிரேக் கழுவும் திரவம் கொண்டு இருபுறமும் கழுவினோம். இடுக்கி வழுகும் ஊசிகளுக்கு அதற்கென்றுள்ள சிலிக்கோன் கிறீசையே இடவேண்டும். சாதாரண கிறீசு றப்பரை ஊதச் செய்யும். ஒரு பக்கத்து ஊசி இறுகிக் கிடந்ததால் உட்பக்கப் பேட் மட்டும் தேய்ந்திருந்ததையும் கண்டோம். தூசியை வாயால் ஊதுவதும் காற்றடிப்பதும் ஆகா. பழைய கட்டைகளில் கல்நார் இருந்த காலம் உண்டு. இன்றைய தூசியும் நெஞ்சுக்கு நல்லதன்று. ஈரத் துணியால் துடைக்க. வட்டை மாற்றினால் இடம் வலம் இரண்டையும் ஒருங்கே மாற்றவேண்டும், பேட்டும் அவ்வாறே. ஒருபுறம் புதிதும் ஒருபுறம் பழையதுமாக இருந்தால் மழையில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். நட்டுகளைச் சுற்று வரிசையில் அன்றி, எதிரெதிராக மாற்றி மாற்றி, ஒரே அளவாக இறுக்குக. எல்லாம் முடிந்தபின் வண்டியை நகர்த்துமுன் மிதியைப் பலமுறை மிதித்துக் கட்டையை வட்டுக்குக் கொண்டுவருதல் மிக முக்கியம். இதை மறந்து, கராஜை விட்டு இறங்கும்போதே சுவரில் மோதியோர் உண்டு.

புதிய வட்டும் கட்டையும் ஒன்றோடொன்று பழகவேண்டும். மணிக்கு 50 கிலோமீற்றரிலிருந்து 10 வரை மெதுவாகக் குறைத்து, முழுதும் நிறுத்தாமல், மீண்டும் வேகமெடுத்து, இவ்வாறு பத்துமுறை. பின்னர் பிரேக் தொடாமல் சிறிது தூரம் ஓடி ஆறவிடுதல். சொல்ல எளிது, எங்கள் பக்கத்தில் நேரான சம வீதி எங்கே? விடியற்காலை நுவரெலியா கிரகரி வாவியோரம் போய், குதிரைக்காரரும் வராத நேரத்தில், பத்துமுறை போய் வந்தோம். ஒரு பொலிசுக்காரர் நிறுத்திக் காரணம் கேட்டார். சொன்னோம். சிறிது நேரம் எம்மைப் பார்த்துவிட்டு, தம் மோட்டார்ச் சைக்கிளின் வட்டைக் குனிந்து பார்த்தார்.

செலவைச் சொல்லாமல் விட்டால் நாம் பாதி உண்மையைச் சொன்னவராவோம். வட்டு இரண்டு, பேட், திரவம், கூலி எல்லாம் சேர்த்து 40,500 ரூபா. 2024 இல் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயித்த நாட்சம்பளம் 1,350 ரூபா. வகுத்துப் பாருங்கள், முப்பது நாள் கொழுந்து. தந்தையாரின் தயக்கத்தை இகழ எமக்கு மனம் வரவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ருவரியிலேதான் மீண்டது. ஆகவே இருந்த வண்டியையே இழுத்து ஓட்டினோம். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்த வட்டு மலிவாகக் கிடைக்கும் என்று பலர் போகின்றனர். போவதைத் தடுக்கவில்லை, இரண்டு நாணயத்தையும் இடுக்கியையும் கொண்டு போகுக. எல்லைக்கு அருகிலிருக்கும் பழைய வட்டை வாங்குவது, பாதி எரிந்த மெழுகுதிரியை முழு விலைக்கு வாங்குவது போன்றது.

செலவில்லாத வேலை ஒன்றுண்டு, கியர். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது பழைய லொறிக்காரர் வழக்கு. இறம்பொடையிலும் கினிகத்தேனையிலும் ரதல்லையிலும் இரண்டாம் கியருக்கு மாற்றிவிட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். தன்னியக்கக் கியர் உள்ள வண்டிகளிலும் இறக்கத்துக்கென 2, எல் என்னும் நிலைகள் உண்டு. அவை அலங்காரத்துக்காக வைக்கப்பட்டவை அல்ல. நம் இளைஞர் சிலரிடம் வேறொரு வழக்கம் பரவியிருக்கின்றது. 2022 இல் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றோமல்லவா? அப்போது மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விடக் கற்றுக்கொண்டனர், இன்னும் விடவில்லை. இன்றைய வண்டிகளில் கியரில் இறங்கும்போது எஞ்சினுக்கு எண்ணெய் போவதே நின்றுவிடும். நியூட்ரலில் இறங்கும்போதோ எஞ்சின் அணையாதிருக்க எண்ணெய் போய்க்கொண்டிருக்கும். மிச்சம் என்று நினைத்துச் செலவு செய்கின்றனர். அதோடு அண்டா முழுவதையும் வட்டின் தலையில் கவிழ்க்கின்றனர்.

இன்னொன்று எமக்கு விளங்குவதில்லை. ஆண்டுதோறும் வண்டியின் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் புகைச் சான்றிதழ் கேட்கின்றனர். நல்லது, மலைக்காற்று தூயதாக இருக்கட்டும். பஸ்ஸுக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழும் வேண்டும். குடும்ப வண்டியின் பிரேக்கை மட்டும் கேட்பாரில்லை. எண்மர் ஏறிய எங்கள் ஜீப்பின் புகையை ஒருவர் சோதித்துத் தாளில் எழுதித் தந்தார். வட்டைச் சோதித்தவர் இறம்பொடை வளைவு ஒன்றே.

சென்ற வாரம் இரவு பதினொரு மணிக்கு எங்கள் லயத்திலிருந்து ஒரு பெண்ணைப் பிரசவத்துக்கு டிக்கோயா வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். மழை. இரண்டாம் கியர். தமையனார் இருமுறை மட்டும் பிரேக்கைத் தொட்டார். தந்தையார் முன் இருக்கையிலிருந்து, “அவசரமா இருக்கு, இன்னும் கொஞ்சம் வேகமாப் போயேன்” என்றார். தமையனார் போகவில்லை. பெண் குழந்தை, தாயும் சேயும் நலம்.

தலைவர் அவர்கள் அனுமதித்தால், வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்கு வேணியர் இடுக்கியோடும் இரண்டு நாணயங்களோடும் இம்மண்டப முற்றத்தில் நாம் நிற்போம். பாஸும் வருவதாகச் சொல்லியிருக்கின்றார். வண்டி உடையோர் கொண்டு வருக. முற்றம் சிறிது சரிவாக இருப்பதால், சக்கரத்துக்கு இட நல்ல கல் நாலைந்தை இளைஞர் யாரேனும் சனிக்கிழமையே பொறுக்கி வைத்தால் உதவியாக இருக்கும்.